பாரிசவாதத்துக்குப் பின் வரும் பார்கின்சன் நடை: மூளை ஸ்கானை எப்படிக் கேட்பது, எப்படி வாசிப்பது

கோரிக்கைப் படிவத்தை எழுதுமுன் நோயாளியை வாட்டுக்குள் நடக்கவிட்டுப் பாருங்கள். கை நன்றாக வீச, கால் மட்டும் அகண்டு நிலத்தில் ஒட்டினதுபோல் சின்னச் சின்ன எட்டாகப் போனால், ஓய்வு நடுக்கமும் (கை சும்மா இருக்கும்போது வரும் நடுக்கம்) இல்லையென்றால், இரத்தக்குழாய்க் காரணத்தைத் தேடவேண்டும்; மூளை இரத்தக்குழாய்ச் சேதத்தால் வரும் இந்த நிலைதான் இரத்தக்குழாய்ப் பார்கின்சன். எந்தப் பக்கம் கூட, எப்போது தொடங்கியது, பாரிசவாதம் வந்த திகதி, பிரசர், சீனி எல்லாவற்றையும் எழுதுங்கள். படம் வாசிப்பவர் எங்கே உற்றுப் பார்ப்பதென்று அதை வைத்துத்தான் தீர்மானிப்பார்.

வன்னியில் எம்.ஆர்.ஐ.க்கு முன் கட்டாயம் கேட்கவேண்டியது: உடம்புக்குள் செல் பீஸ் (போரில் பாய்ந்த எறிகணைத் துண்டு) இருக்கிறதா? காயம் ஆறி ஆண்டுகள் போனதால் பலர் "ஒன்றுமில்லை" என்பார்கள். தழும்பைத் தேடுங்கள், கூட வந்த பிள்ளையிடமும் விசாரியுங்கள். சந்தேகமென்றால் முதலில் கண்குழி, தலை, நெஞ்சு, வயிறு எக்ஸ்ரே. செல் துண்டில் இரும்பு இருந்தால் காந்தம் அதை இழுக்கும். கண், முள்ளந்தண்டு, பெரிய இரத்தக்குழாய் இவற்றின் அருகே துண்டு இருந்தால், கதிரியல் வைத்தியர் பார்த்து முடிவெடுக்கும்வரை சி.ரி.யோடு நில்லுங்கள்.

சி.ரி. இரத்தக்கசிவையும் பெரிய பழைய சேதத்தையும் காட்டும். நடுமூளையின் சிறு சேதம் அதில் தப்பிவிடும். எம்.ஆர்.ஐ. என்றால் டி2, ஃபிளேர், டிஃபியூஷன், எஸ்.டபிள்யூ.ஐ. என்ற நான்கு பட வகைகளையும் கேளுங்கள். டிஃபியூஷனில் பளிச்சென்று தெரிவது ஏறக்குறைய 2 கிழமைக்குள் நடந்த அடைப்பு.

வாசிக்கும்போது நடுமூளையின் கரும்பொருள் (சப்ஸ்டான்ஷியா நைக்ரா), மூளையின் ஆழத்திலுள்ள குளோபஸ் பலிடஸ், தலமஸ், பிறகு முன்மூளை வெண்பொருள் என்ற வரிசையில் போங்கள். 3 முதல் 15 மி.மீ. குழி, ஃபிளேரில் உள்ளே கறுப்பும் விளிம்பில் வெள்ளையும் என்றால் பழைய சிறு அடைப்பு. 3 மி.மீ.க்குக் குறைந்து, விளிம்பின்றி, குழாயோடு நீளமாக ஓடினால் அது குழாயைச் சுற்றிய வெறும் இடைவெளி. இதைச் சேதமென்று எண்ணுவது அடிக்கடி நடக்கும் பிழை. மூளை அறைகளின் முன்கொம்பு அகலம் மண்டையோட்டு உள் அகலத்தின் 0.3 பங்கைத் தாண்டினால் நீர் தேங்கும் நோயையும் யோசியுங்கள். அதன் நடையும் இதே மாதிரித்தான்.

திடீரென்று, அல்லது பாரிசவாதம் வந்து ஓராண்டுக்குள் தொடங்கினால், சேதம் நோய் கூடிய பக்கத்துக்கு எதிர்ப்பக்க மூளையில் இருக்கவேண்டும். மெல்ல வந்ததென்றால் வெண்பொருளில் ஃபிளேர் காட்டும் வெள்ளைப் பகுதிகள் பரவலாக ஒன்றோடொன்று சேர்ந்திருக்கவேண்டும். பிரசர் உள்ள முதியவர்களில் நடை நன்றாக இருந்தாலும் வெள்ளைப் புள்ளிகள் தெரியும். ஒரு கையில் ஓய்வு நடுக்கத்தோடு வந்தவருக்கு அந்தப் புள்ளிகளை மட்டும் வைத்து இரத்தக்குழாய்ப் பார்கின்சன் என்று பெயர் சூட்டவேண்டாம். படத்தைக் காட்டி லெவோடோப்பா என்ற பார்கின்சன் மருந்தையும் மறுக்கவேண்டாம்: கரும்பொருளிலோ அதன் பாதையிலோ அடிபட்ட சிலருக்கு அது நன்றாகவே வேலைசெய்யும்.