சென்னை வெயிலில் கலோரிக் கணக்கு: இதயத்துடிப்பு மானியைப் படிக்கும் முறை

இதயத்துடிப்பு மானி கலோரியை அளப்பதில்லை. நிமிடத்துக்கு எத்தனை துடிப்பு என்பதை மட்டும்தான் அளக்கிறது. மீதியெல்லாம் அதற்குள் எழுதிவைத்த சமன்பாட்டின் ஊகம். ஓய்வு பெறும்வரை தணிக்கைப் பிரிவில் வேலை பார்த்தவள் நான். ரசீது இல்லாத எண்ணைக் கண்டால் கை தானாகச் சிவப்புப் பேனாவைத் தேடும். மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவில் காலை நடை முடித்தவர்கள் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்து "இன்று 412" என்று சொல்லும்போது எனக்கு அந்த 2 தான் உறுத்தும். 400 என்பதற்கே உத்தரவாதம் இல்லாதபோது 2 எங்கிருந்து வந்தது?

அதற்காக மானியைக் கழற்றி எறியச் சொல்லவில்லை. அது தரும் எண்ணைச் சரிபார்த்து, கழிக்க வேண்டியதைக் கழித்துவிட்டால் நல்ல உதவிதான். நான் எப்படிச் செய்கிறேன் என்று எழுதுகிறேன். காகிதம், பென்சில், கைபேசியில் உள்ள கால்குலேட்டர் போதும்.

முதலில் அடிப்படை. தசை வேலை செய்ய ஆக்சிஜன் வேண்டும். உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைச் செலவிட்டால் ஏறக்குறைய 5 கிலோ கலோரி எரிகிறது. (பேச்சில் நாம் கலோரி என்பது கிலோ கலோரியைத்தான், இனி அப்படியே எழுதுகிறேன்.) ஆக்சிஜனைச் சுமந்து போவது ரத்தம், அதைத் தள்ளுவது இதயம். அதனால் மிதமான உழைப்பிலிருந்து கடுமையான உழைப்பு வரை, துடிப்பும் ஆக்சிஜன் செலவும் கிட்டத்தட்ட நேர்கோட்டில் சேர்ந்தே ஏறுகின்றன. எந்த நிறுவனத்தின் கடிகாரமானாலும் துடிப்பை வைத்துக் கணக்குப் போட்டால் இந்தக் கோட்டைத்தான் நம்பியாக வேண்டும். உட்கார்ந்திருக்கும்போது இந்தக் கோடு செல்லாது. சேப்பாக்கத்தில் கடைசி ஓவர் பார்க்கிறவரின் துடிப்பு 110ஐத் தொடலாம். அதற்குக் கலோரி வரவு வைக்க முடியாது.

பட்டையா, கடிகாரமா?

மார்பில் கட்டும் பட்டை இதயத்தின் மின்துடிப்பையே பிடிக்கிறது. பின்லாந்தின் போலார் நிறுவனம் 1982இல் கம்பியில்லாமல் இயங்கும் முதல் மானியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோதும் மார்புப் பட்டைதான். மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் பச்சை ஒளியைத் தோலுக்குள் செலுத்தி, ரத்தம் வந்து போவதால் திரும்பும் ஒளி கூடிக் குறைவதை எண்ணுகிறது. சீரான நடைக்கு இரண்டும் போதும். ஓட்டம், விட்டு விட்டுச் செய்யும் வேகப் பயிற்சி என்றால் பட்டையே மேல்.

பட்டை கட்டுவதற்கு முன் உள்பக்கத்து ரப்பர் பகுதிகளைத் தண்ணீரால் நனைத்துக்கொள்ளுங்கள். சென்னையில் வியர்வை எப்படியும் வரும் என்று விட்டுவிட்டால் முதல் ஐந்து நிமிடத்துக்குத் தாறுமாறான எண்கள் பதிவாகும். மார்புக்குச் சற்றுக் கீழே, மூச்சு முட்டாத அளவுக்கு இறுக்கமாக இருக்க வேண்டும். வீடு திரும்பியதும் பட்டையைக் குழாய் நீரில் அலசி உலர்த்துங்கள். வியர்வை உப்பு படிந்தால் பட்டை சீக்கிரம் பழுதாகும். பொத்தான் போல் மாட்டியிருக்கும் கருவியைத் தனியே கழற்றி வையுங்கள். ஈரப் பட்டையோடு விட்டால் அது விழித்துக்கொண்டே இருந்து பேட்டரியைத் தின்னும்.

கடிகாரம் என்றால் மணிக்கட்டு எலும்புக்கு இரண்டு விரல் மேலே, அசையாதபடி. வளையல் போட்ட கையில் வேண்டாம். பச்சை குத்திய இடத்தின் மேலும் வேண்டாம். மை ஒளியை மறித்துவிடும். இன்னொரு விசித்திரம் உண்டு: கை வீசும் தாளத்தையே நாடி என்று கடிகாரம் எண்ணிவிடுவது. நிமிடத்துக்கு 115 அடி வைக்கிறீர்கள், துடிப்பும் 115 என்று ஆணியடித்தாற்போல் நிற்கிறது என்றால் சந்தேகப்படுங்கள். உடனே நின்று, கழுத்திலோ மணிக்கட்டிலோ விரல் வைத்து 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்குங்கள். ஐந்தாறு துடிப்பு வித்தியாசம் இருந்தால் பரவாயில்லை. இருபது என்றால் வாரை இறுக்குங்கள்.

துடிப்பைக் கடிகாரம் ஓரளவு ஒழுங்காகவே எண்ணுகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும். 2017இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஏழு மணிக்கட்டுக் கருவிகளை 60 பேருக்குக் கட்டிச் சோதித்தார்கள். ஆறு கருவிகளில் துடிப்புப் பிழை 5 சதவீதத்துக்குள் இருந்தது. கலோரியில் கதை வேறு: மிகத் துல்லியமான கருவியே சராசரியாக 27 சதவீதம் தவறியது, மிக மோசமானது 93 சதவீதம். எண்ணுவது சரி, எண்ணியதை மொழிபெயர்ப்பதுதான் கோணல்.

கருவிக்குத் தர வேண்டிய விவரங்கள்

எடை, உயரம், வயது, பாலினம் நால்வரும் உண்மையாக இருக்கட்டும். கல்யாணப் பத்திரிகை காலத்து எடையைப் போட்டு வைத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். ஓய்வுத் துடிப்பைக் கேட்கும் கருவிக்கு, காலையில் கண் விழித்ததும் எழுந்திருக்காமல், காபிக்கு முன், முழு ஒரு நிமிடம் எண்ணியதைத் தாருங்கள்; நாலைந்து காலையின் சராசரி நல்லது. உச்சத் துடிப்புக்குப் பலரும் 220இலிருந்து வயதைக் கழிப்பார்கள். என் வயது 61, அப்படிப் போட்டால் 159. 2001இல் வந்த, டனாகா என்ற ஆய்வாளரின் சூத்திரப்படி 208இலிருந்து வயதின் 0.7 மடங்கைக் கழித்தால் 165. வயது ஏறியவர்களுக்கு இரண்டாவதுதான் பொருத்தம். இரண்டுமே சராசரிகள், ஒரே வயதுள்ள இருவருக்கு இடையே பத்துப் பதினைந்து துடிப்பு வேறுபடுவது சாதாரணம்.

கணக்கைக் கையால் போட்டுப் பார்த்தல்

கடிகார நிறுவனங்கள் தங்கள் சமன்பாட்டைக் காட்டுவதில்லை. ஆனால் 2005இல் கீட்டல் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் வெளியிட்ட சமன்பாடு எல்லோருக்கும் கிடைக்கிறது.

பெண்களுக்கு: (0.4472 × துடிப்பு) − (0.1263 × எடை) + (0.074 × வயது) − 20.4022.
ஆண்களுக்கு: (0.6309 × துடிப்பு) + (0.1988 × எடை) + (0.2017 × வயது) − 55.0969.

துடிப்பு என்பது நடையின் சராசரித் துடிப்பு, எடை கிலோவில். வரும் விடை கிலோஜூல், 4.184ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு எத்தனை கலோரி என்று கிடைக்கும். ஏறக்குறைய 90 முதல் 150 வரையிலான துடிப்புக்குத்தான் இது பொருந்தும்.

என் ஜனவரி நடையை எடுத்துக்கொள்வோம். எடை 66 கிலோ, சராசரித் துடிப்பு 108, நேரம் 45 நிமிடம். நிமிடத்துக்கு 5.75 கலோரி, மொத்தம் 259.

பெண்களுக்கான வரியை இன்னொரு முறை பாருங்கள். எடைக்கு முன் கழித்தல் குறி! அதாவது எடை கூடக் கூடக் கலோரி குறையுமாம். 80 கிலோ பெண்ணைவிட 55 கிலோ பெண் அதே துடிப்பில் அதிகம் எரிப்பதாகச் சொல்கிறது. ஒரே பாதையில் அதிகச் சுமையைத் தூக்கிப்போகிறவருக்கு எப்படிச் செலவு குறையும்? ஒரே வேகத்தில் நடந்தால் குறையாது. ஆனால் சமன்பாடு வேகத்தைக் கேட்பதில்லை, துடிப்பை மட்டும் கேட்கிறது. உடற்பயிற்சிப் பழக்கம் இல்லாதவருக்குச் சின்ன வேலைக்கே துடிப்பு எகிறும்; அந்தத் தகுதிக் குறைவுக்கு எடை பினாமியாக உட்கார்ந்திருக்கிறது என்பது என் வாசிப்பு. தணிக்கையில் இப்படி ஒரு பதிவைக் கண்டால் இன்னொரு ஆவணத்தோடு ஒப்பிடாமல் கையெழுத்துப் போடமாட்டோம்.

அந்த இன்னொரு ஆவணம் வேகம். அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி (ACSM) என்ற அமைப்பு தரும் நடைச் சூத்திரம் எளிது: நிமிடத்துக்கு எத்தனை மீட்டர் நடக்கிறீர்களோ அதை 0.1ஆல் பெருக்கி 3.5ஐக் கூட்டுங்கள். கிலோ எடைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்பது விடை. சமதளத்துக்கான கணக்கு இது. மேடென்றால் ஏற்றத்துக்காக இன்னொரு கணக்கையும் சேர்க்க வேண்டும். சென்னைக்காரர்களுக்கு அந்தக் கவலை இல்லை. மெரினாவின் உட்சாலையில் கலங்கரை விளக்கத்திலிருந்து உழைப்பாளர் சிலையை நோக்கி நடந்தால் மேடும் இல்லை, பள்ளமும் இல்லை, மரக்கூரை இல்லாததால் தூரமும் ஒழுங்காகப் பதிவாகும். பூங்காவுக்குள் சுற்றிச் சுற்றி நடக்கும்போது, மரங்களுக்கு அடியில், கைபேசி காட்டும் தூரத்தை நான் நம்புவதில்லை.

45 நிமிடத்தில் 3.6 கிலோமீட்டர் என்றால் நிமிடத்துக்கு 80 மீட்டர். 8 + 3.5 = 11.5 மில்லிலிட்டர். 66 கிலோவுக்கு 759 மில்லிலிட்டர், அதாவது முக்கால் லிட்டருக்குச் சற்று மேல். ஐந்தால் பெருக்கினால் நிமிடத்துக்கு 3.8 கலோரி, 45 நிமிடத்துக்கு 171.

துடிப்புக் கணக்கு 259, வேகக் கணக்கு 171. சமதளத்தில் சீரான நடைக்கு நான் வேகக் கணக்கையே ஏற்கிறேன். என் நடையில் துடிப்புக் கணக்கை மூன்றில் இரண்டாகக் குறைத்தால் அது வருகிறது. உங்களுக்கு வேறு விகிதம் வரும். உங்கள் கடிகாரம் காட்டும் மொத்தத்தையும் இப்படியே வேகக் கணக்கோடு ஒருமுறை ஒப்பிட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். சைக்கிள் போன்ற வேறு பயிற்சிகளுக்கு, நடையில் கிடைத்த இந்த விகிதத்தை ஒரு தோராயமான திருத்தமாக மட்டும் பயன்படுத்தலாம்.

இன்னொரு கழித்தல் பாக்கி. அந்தச் சூத்திரத்தில் 3.5 என்பது சும்மா இருந்தாலே செலவாகும் ஆக்சிஜன். எனக்கு 45 நிமிடத்துக்கு அது 52 கலோரி. வீட்டில் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாலும் அது எரிந்திருக்கும். நடந்ததால் கிடைத்த உண்மையான கூடுதல் 119. சில கடிகாரங்கள் இரண்டையும் தனித்தனியாகக் காட்டும். மொத்தம் எது, கூடுதல் எது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கத்திரியின் பங்கு

இந்த ஊரில் மானி வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது இங்கேதான். சமன்பாடுகள் ஆய்வுக்கூடத்தில் உருவாகின்றன. நாம் நடப்பதோ கடற்காற்றின் ஈரத்தில். உடல் சூடேறினால் இதயம் தசைக்கு மட்டுமல்ல, தோலுக்கும் ரத்தத்தை அனுப்பியாக வேண்டும், வெப்பத்தை வெளியேற்ற. வியர்வை கொட்டக் கொட்ட ரத்தத்தில் நீர் குறைகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் தள்ளப்படும் அளவு சுருங்குகிறது. ஈடுகட்ட எண்ணிக்கை ஏறுகிறது. நம் ஊரில் வியர்வை ஆவியாகாமல் புடவையை நனைத்துக்கொண்டு நிற்பதால் குளிர்ச்சியும் கிடைப்பதில்லை. தசை செய்யும் வேலை கூடவில்லை, துடிப்பு மட்டும் கூடுகிறது. ஒரே நடையிலேயே இதைப் பார்க்கலாம்: வேகம் மாறாமலிருக்க, பத்தாவது நிமிடத்தைவிட நாற்பதாவது நிமிடத்தில் துடிப்பு மேலே நிற்கும். கார்டியாக் டிரிஃப்ட் என்று இதைச் சொல்வார்கள்.

மே மாதத்தில் அதே சாலை, அதே 3.6 கிலோமீட்டர், அதே 45 நிமிடத்துக்கு எனக்குச் சராசரி 122 வருகிறது. கீட்டல் சமன்பாட்டில் போட்டால் 326 கலோரி. ஜனவரியில் 259. இடையிலுள்ள 67 கலோரி நான் எரித்ததல்ல. வெயிலும் புழுக்கமும் என் பெயரில் எழுதிய பொய்க் கணக்கு.

ஆகவே அளவீட்டை மார்கழி, தை விடியற்காலைகளில் செய்யுங்கள். பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கிவிட்டு, அடுத்த இருபது நிமிடம் ஒரே வேகத்தில் நடந்து, அந்த இருபதின் சராசரித் துடிப்பைக் குறியுங்கள். கொஞ்சம் வேகம் கூட்டி வேறொரு நாள் மறுபடியும். இந்த இரண்டு புள்ளிகள் உங்கள் சொந்தக் கோடு. ஏப்ரல் முதல் ஜூன் வரை கலோரியை வேகத்திலிருந்து மட்டும் கணக்கிடுங்கள். துடிப்பை அந்த மாதங்களில் வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்: வழக்கமான வேகத்தில் குளிர்கால எண்ணைவிட இருபது ஏறினால் நிழலில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்கும் நேரம். தலை சுற்றினாலோ, நெஞ்சு அழுத்தினாலோ எண்ணைப் பார்த்துக்கொண்டிருக்காமல் உதவி கேளுங்கள்.

மானி சொல்வதை ஏற்கக் கூடாத வேறு இடங்களும் உண்டு. எடை தூக்கும்போது தசை இறுகி ரத்த அழுத்தமும் துடிப்பும் ஏறும்; ஆக்சிஜன் செலவு அந்த அளவுக்கு இருக்காது. கபாலபாதி, படபடப்பு, தூக்கம் கெட்ட மறுநாள், காய்ச்சல் விட்ட வாரம் எல்லாம் அதே வகை. மூன்று மாடி ஏறுவது போன்ற சிறு வேலைகளில் துடிப்பு பின்தங்கியே வரும்; ஏறி முடித்து மூச்சு வாங்கும்போதுதான் எண் உச்சத்தைத் தொடும்.

மாத்திரை தனி விஷயம். என் கணவர் ரத்த அழுத்தத்துக்கு மெட்டோப்ரோலால் எடுத்துக்கொள்கிறார். பீட்டா பிளாக்கர் வகை மாத்திரைகள் துடிப்பை ஏறவிடாமல் பிடித்துவைக்கும். அவருக்குத் துடிப்பு 90ஐ எட்டவே எட்டாது, ஆனால் என்னோடு அதே வேகத்தில்தான் நடக்கிறார். இவர்களுக்கு எந்தத் துடிப்புச் சமன்பாடும் பொருந்தாது. வேகக் கணக்கு பொருந்தும். எவ்வளவு கடினமாக நடக்கலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு, பேச முடிகிறதா என்று பார்ப்பதே நல்ல அளவுகோல். முழு வாக்கியம் பேச முடிந்தால் மிதமான உழைப்பு. என் கணவர் விஷயத்தில் இந்தச் சோதனை முடிவுக்கு வருவதே இல்லை, பேச்சை நிறுத்தினால்தானே.

கிடைத்த எண்ணை என்ன செய்வது? ஐம்பதின் மடங்காகச் சுருக்கி எழுதுங்கள். என் 119 நோட்டில் 100 ஆகிறது. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் 120 கலோரி இருக்கிறது. நடை முடிந்து லஸ் முனையில் ஒரு வடை சாப்பிட்டால் கணக்கு நேராகிவிடும் என்பது இதிலிருந்தே தெரியும். வடையை நான் விடவில்லை, வரவில் எழுதிக்கொள்கிறேன். நாலு வாரம் இப்படி எழுதியபின், காலையில் ஒரே நேரத்தில் பார்த்த எடையின் வாரச் சராசரியோடு ஒப்பிடுங்கள். ஒரு கிலோ கொழுப்புக்குச் சுமார் 7,700 கலோரி என்பது பொதுவான கணக்கு; அன்றாட ஏற்ற இறக்கம் பெரும்பாலும் தண்ணீர். எடை மூன்று கிலோ மாறினாலோ, புது மாத்திரை தொடங்கினாலோ, கடிகாரத்தின் மென்பொருள் புதுப்பிக்கப்பட்டாலோ பழைய விகிதத்தை அடித்துவிட்டு, மெரினாவில் மறுபடி ஒரு காலை நடந்து புதிதாகக் கணக்கிடுங்கள்.