அனுபவக் கட்டுரைக்கு மையவரி கண்டுபிடிப்பது எப்படி?

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதிப் பழகிய நமக்குச் சொந்த அனுபவத்தை எழுத உட்கார்ந்தால் ஒரு சிக்கல் வரும். சம்பவம் இருக்கும், உணர்ச்சி இருக்கும். படித்தவர் மட்டும் "நல்லாத்தான் இருக்கு, ஆனா என்ன சொல்ல வர்றீங்க?" என்பார்.

எனக்கு நடந்ததும் அதுதான். அப்பா மின்வாரியத்தில் லைன்மேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்தது. சாய்ந்த கம்பங்களை நட வெளிமாவட்டங்களிலிருந்து ஆட்களை அனுப்பினார்கள், அப்பாவும் போனார். அதை 1,400 சொற்களில் எழுதினேன். மூன்று முறை திருத்தியும் கட்டுரை நிற்கவில்லை. அதற்கு மையவரி இல்லை என்பது பிறகுதான் புரிந்தது. இந்த அனுபவத்தைப் பற்றி நான் சொல்ல வருவது என்ன என்பதை ஒரே வாக்கியத்தில் சொன்னால் அதுதான் மையவரி.

படி 1: முதல் வரைவை எழுதி முடியுங்கள்

ஆய்வுக் கட்டுரைக்கு மையவரியை முதலில் வைத்துக்கொள்ளலாம். இங்கே எழுதிய பிறகுதான் அது தெரியவரும். கட்டுரையைக் குறிக்கும் 'எஸ்ஸே' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே முயன்று பார்த்தல் என்று பொருள். 1580இல் பிரெஞ்சு எழுத்தாளர் மொந்தேன் தன் எழுத்துக்கு அந்தப் பெயரைத்தான் வைத்தார். அதனால் முதல் வரைவு எங்கெங்கோ போனாலும் போகட்டும்.

படி 2: அட்டையில் இரண்டு வரி

நான் மாதக்கணக்கில் மாட்டிக்கொண்ட இடம் இது. 'அப்பாவும் கஜா புயலும்' என்பது தலைப்பு, மையவரி ஆகாது. அடுத்து "என் அப்பா கடமை தவறாதவர்" என்று எழுதினேன். அது உண்மைதான். ஆனால் அன்று வேலைக்குப் போன எந்த லைன்மேனின் பிள்ளையும் அதை எழுதலாம். நான் எழுதியதற்கான அடையாளம் அதில் எங்கே?

கடைசியில் கைகொடுத்தது இதுதான். கையளவு அட்டை ஒன்றை எடுத்து, "அப்போது நினைத்தது", "இப்போது நினைப்பது" என்று இரண்டு வரி எழுதுங்கள். குறிப்பெடுக்கும் செயலிகள் இதற்கு வேண்டாம். அவற்றில் இடம் தாராளமாக இருப்பதால் வரி நீண்டுகொண்டே போகும்.

என் அட்டையில் இப்படி வந்தது. அப்போது: அப்பா போனதில் பெருமை. இப்போது: பெருமை என்று வெளியே சொன்னேன், உள்ளுக்குள் அவரை எடுத்துக்கொண்ட ஊர்மீது பொறாமைப்பட்டேன்.

இரண்டாவது வரியை எழுதும்போது கை தயங்கியது. அம்மா படித்தால் என்ன நினைப்பாள் என்று தோன்றியது. உங்களுக்கும் அப்படித் தோன்றினால் அந்த வரியை விட்டுவிடாதீர்கள்.

படி 3: அட்டையை வைத்து வெட்டுங்கள்

ஒவ்வொரு பத்தியையும் அட்டைக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அப்பா வேலையில் சேர்ந்த கதை போயிற்று. கம்பம் நடும் முறையை ஆசையாக எழுதியிருந்தேன், அதுவும் போயிற்று. திரும்பி வந்த இரவு, தங்கியிருந்த வீட்டுக் குழந்தையின் பெயரைச் சொல்லிச் சொல்லி அப்பா சிரித்ததும், கையெழுத்துக்காக வைத்திருந்த ரேங்க் கார்டை நான் நீட்டாமலே தூங்கப் போனதும் நின்றன. முதல் வரைவில் இவை இரண்டே வரி. இப்போது கட்டுரையில் பாதி.

கூகுள் டாக்ஸில் எழுதுபவர்கள் அழிக்காமல் குறுக்குக்கோடு போட்டு வையுங்கள். நான் அழித்த ஒரு பத்தியை நினைவிலிருந்து மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

படி 4: எங்கே வைப்பது?

"இதனால் நான் கற்றுக்கொண்டது" என்று முடிவுரையில் வைக்காதீர்கள். என் கட்டுரையில் பொறாமை என்ற சொல் ரேங்க் கார்டு காட்சிக்குப் பிறகு ஒரே ஒரு முறை வருகிறது. காட்சியே அதைச் சொல்லிவிட்டால் அந்தச் சொல்கூடத் தேவையில்லை.

பின்சேர்க்கை: வெளிநாட்டுக் கல்லூரி விண்ணப்பத்துக்கும் இது பொருந்துமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். அமெரிக்காவில் பல கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்பமான காமன் ஆப்பின் கட்டுரைக்கு 650 சொற்கள்தான் உச்சவரம்பு. முதல் மூன்று படிகள் அப்படியே பொருந்தும். மையவரியை மட்டும் கட்டுரையின் முதல் பாதிக்குள் கொண்டுவந்துவிடுங்கள். பிரிட்டனின் பல்கலைக்கழக விண்ணப்ப அமைப்பான யூகாஸ் வேறு மாதிரி. 2026 சேர்க்கையிலிருந்து ஒரே கட்டுரைக்குப் பதில் மூன்று கேள்விகள், மொத்தம் 4,000 எழுத்துகள், இடைவெளியும் சேர்த்து. அங்கே மூன்று அட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு பதிலையும் அதனதன் மையவரியிலேயே தொடங்கிவிடலாம்.