ஜென்கின்ஸ் பில்ட் ரெப்போவை எடுக்க முடியாமல் விழுந்தால்

உங்கள் லேப்டாப்பில் ரெப்போ (கோட் இருக்கும் கிட் களஞ்சியம்) குளோன் ஆகிறது, சர்வருக்குள் நீங்களே லாகின் செய்து பார்த்தாலும் ஆகிறது, பில்டைத் தானாக ஓட்டும் ஜென்கின்ஸ் மட்டும் 128 என்று எர்ரர் காட்டி நின்றுவிடுகிறதா? பில்டை ஓட்டுவது நீங்கள் இல்லை. உபுண்டுவில் பேக்கேஜ் வழியாகப் போட்டிருந்தால் ஜென்கின்ஸ் என்ற பெயரிலேயே தனி யூசர் இருக்கும். உங்கள் ஹோம் ஃபோல்டரில் இருக்கும் எஸ்எஸ்எச் சாவி அதன் கண்ணில் படாது. அதனால் சுடோ போட்டு அந்த யூசராக மாறி, ரெப்போவை எட்ட முடிகிறதா என்று காட்டும் கிட் எல்எஸ்-ரிமோட் கட்டளையை ரெப்போ முகவரியோடு ஓட்டிப் பாருங்கள். அதுவும் பில்ட் ஓடும் அதே மெஷினில். நான் ஒருமுறை மெயின் சர்வரிலேயே இரண்டு மணி நேரம் தேடிக்கொண்டிருந்தேன், பில்ட் ஓடியதோ வேறொரு ஏஜென்டில், அதாவது ஜென்கின்ஸ் வேலையை ஒப்படைக்கும் இன்னொரு மெஷினில்.

128 என்ற எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது, கிட் எதற்கு விழுந்தாலும் பெரும்பாலும் அதைத்தான் தரும். லாகில் அதற்குக் கீழே வரும் வரிதான் முக்கியம்.

அந்த வரி 'ஹோஸ்ட் கீ வெரிஃபிகேஷன் ஃபெயில்ட்' என்றால் சாவியைத் தொடாதீர்கள். எதிரே இருக்கும் சர்வரின் அடையாளம் நோன்-ஹோஸ்ட்ஸ் ஃபைலில் (எஸ்எஸ்எச் நம்பும் சர்வர்களின் பட்டியல்) இல்லை, அல்லது மாறிவிட்டது. 2023 மார்ச் 24 அன்று கிட்ஹப் தன் ஆர்எஸ்ஏ ஹோஸ்ட் கீயை மாற்றியது. அதன் தனிச்சாவி ஒரு பொது ரெப்போவில் சிறிது நேரம் வெளியே தெரிந்துவிட்டதுதான் காரணம். பழைய கீயைச் சேமித்து வைத்திருந்த சர்வர்களில் இந்த எர்ரர்தான் வந்தது. பழைய வரியை நீக்கிவிட்டு, கிட்ஹப் வெளியிட்டிருக்கும் ஃபிங்கர்பிரிண்டோடு ஒப்பிட்டுப் பார்த்துப் புதியதைச் சேருங்கள். அவசரத்தில் சரிபார்ப்பையே அணைத்து வைக்கும் பழக்கம் நிறையப் பேரிடம் இருக்கிறது, தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நடுவில் வேறு யாராவது புகுந்து போலி கோட் எதையாவது கொடுத்தாலும் பில்ட் வாயை மூடிக்கொண்டு வாங்கிக்கொள்ளும்.

'பர்மிஷன் டினைட், பப்ளிக்கீ' என்று வந்தால் சரி, இப்போது சாவியைப் பார்க்கலாம். ஃபைலாக வைத்திருந்தால் அனுமதி 600 இருக்க வேண்டும், மற்றவர்களும் படிக்கிற மாதிரி இருந்தால் எஸ்எஸ்எச் அதை ஒதுக்கிவிடும். சாவி ஜென்கின்ஸ் தனக்குள் சேமித்து வைக்கும் கிரெடென்ஷியலில் இருந்தால் மேலே சொன்ன கைச்சோதனையில் அது கலந்துகொள்ளவே இல்லை என்பதை மறக்க வேண்டாம். ஜாபில் எந்த கிரெடென்ஷியல் தேர்வாகியிருக்கிறது என்று தனியாகப் பாருங்கள்.

மெயின் ரெப்போ வந்துவிட்டு சப்மாட்யூலில் (அதற்குள் இணைத்திருக்கும் இன்னொரு ரெப்போ) 'ரெப்போ கிடைக்கவில்லை' என்றால் டெப்ளாய் கீயை, அதாவது ரெப்போவுக்கென்றே சேர்க்கும் எஸ்எஸ்எச் சாவியைச் சந்தேகியுங்கள். கிட்ஹப்பில் ஒரு டெப்ளாய் கீயை ஒரே ஒரு ரெப்போவில்தான் சேர்க்க முடியும். இரண்டாவது ரெப்போ இருந்தும் இல்லாத மாதிரிதான் பதில் வரும்.

எச்டிடிபிஎஸ் வழியில் போகிறவர்கள் பாஸ்வேர்டை விட்டுவிடுங்கள், 2021 ஆகஸ்ட் 13 முதல் கிட்ஹப் அதை ஏற்பதில்லை. அதற்குப் பதிலாக கிட்ஹப்பில் உருவாக்கும் டோக்கன்தான் வேண்டும், அதற்குக் காலாவதித் தேதி இருந்தால் காலண்டரில் குறித்து வையுங்கள்.

அப்புறம் டைம்-அவுட். எர்ரர் வராமல் அப்படியே தொங்கி நின்றால் பெரும்பாலும் ஆபீஸ் ஃபயர்வால் 22ஆம் போர்ட்டை அடைத்திருக்கும். கிட்ஹப்புக்கு 443 வழியாகவும் எஸ்எஸ்எச் உண்டு, ஹோஸ்ட் பெயரை எஸ்எஸ்எச்-டாட்-கிட்ஹப்-டாட்-காம் என்றும் போர்ட்டை 443 என்றும் எஸ்எஸ்எச் கான்ஃபிக்கில் மாற்ற வேண்டும். ஆனால் சரியாக 10 நிமிடம் ஓடிவிட்டு அறுந்தால் நெட்வொர்க்கைத் திட்டாதீர்கள், அது கிட் பிளகினின் வழக்கமான நேர வரம்பு. ரெப்போ பெரிது, ஷாலோ குளோன் (முழு வரலாறு இல்லாமல் சமீபத்தியதை மட்டும் எடுப்பது) போடுங்கள்.