ஊட்டிக் குளிர் மட்டும் போதாது: பிரிமுலா வளர்ப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"குளிர்ப் பிரதேசச் செடிதானே, நம் ஊரிலும் குளிர்தானே" என்று நம்பித்தான் ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பலர் பிரிமுலா என்ற பூச்செடியை வாங்குகிறார்கள். அந்தக் கணக்கைத் தப்பாக்குவது நம் மழை. பிரிமுலாக்களில் பெரும்பாலானவை இமயமலை, மேற்குச் சீனம், ஜப்பான் ஆகிய இடங்களைச் சேர்ந்தவை. ஒவ்வொன்றும் தன் மலையின் பருவத்துக்குப் பழகியது. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் வைத்து ஒரே மாதிரி தண்ணீர் விடுவதுதான் முதல் தவறு.

உருண்டைப் பூங்கொத்தை நிமிர்த்திக் காட்டும் டென்டிகுலேட்டா என்ற பிரிமுலா இனத்தைப் பாருங்கள். இமயமலைச் சரிவில் அது குளிர்காலம் முழுவதும் பனிக்கு அடியில் உறங்கும். பனி உருகும்போதுதான் அதற்குத் தண்ணீர் தேவைப்படும். இங்கேயோ, அது உறங்கத் தொடங்கும் ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. அதை அடுத்து மார்கழி, தையில் இரவு உறைபனி, பகலில் சுள்ளென்ற வெயில். இலைகள் வாடி, நடுவில் தடித்த குருத்து மொட்டு மட்டும் மிஞ்சியிருக்கும் அந்த நேரத்தில் மொட்டின் செதில்களுக்கு இடையே நீர் தங்கினால் அழுகல் உள்ளிருந்து தொடங்கும். வெளியே பச்சையாகத் தெரியும். விரலால் தொட்டால் குழையும். இழுத்தால் வேரில்லாமல் கையோடு வரும். மழை தொடங்கும் முன்பே தொட்டியைக் கூரைக்கு அடியில் மாற்றிவிடுங்கள். கலவையில் மக்கிய இலையுரத்தோடு பருமணலும் தாராளமாக இருக்கட்டும். செடியின் கழுத்து, அதாவது வேரும் இலைகளும் சேரும் இடம், மண்ணுக்குள் புதையக் கூடாது. அதற்காக அடியோடு காயவும் விடாதீர்கள். வேர் எப்போதும் லேசான ஈரத்தில் இருக்க வேண்டும்.

ஜப்பானின் சீபோல்டி இனத்தையும் உறக்கம் புரியாமல்தான் பலர் இழக்கிறார்கள். பூத்து முடிந்து சில வாரங்களில் அதன் இலைகள் முழுவதும் மறைந்துவிடும். செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடுகிறார்கள். மண்ணைக் கிளறிப் பார்த்தால் வேர்த்தண்டு உயிரோடு இருக்கும்.

சீனாவின் யுனான் மாநிலத்தைச் சேர்ந்த மலக்காய்டிஸ் இனம் நம் மலைக்கு எளிதாக ஒத்துப்போகும். அதிலும் விதைக்கும்போதே தடுமாறுகிறோம். தூசி போன்ற அந்த விதை முளைக்க வெளிச்சம் வேண்டும். மண் போட்டு மூடினால் முளைக்காது. மேலாகத் தூவி, தட்டின் அடியிலிருந்து தண்ணீரை உறிஞ்சவிட்டு, 15 முதல் 18 டிகிரி வெப்பத்தில் நிழலில் வையுங்கள். பழைய விதையை நம்ப வேண்டாம். விதைத்துப் பூக்க ஏறக்குறைய ஐந்தாறு மாதம் ஆகும் என்பதால், மே மாத மலர்க் கண்காட்சிக்கு நவம்பரில் விதைக்க வேண்டும். நாற்று வேகமாக வளரட்டும் என்று பசுமைக்குடிலை மூடிச் சூடேற்றுவது தவறு. குளிர்ந்த இரவுகளில்தான் இந்தச் செடி நன்றாக மொட்டுக் கட்டும். உறைபனி படாத, காற்றோட்டமுள்ள இடமே போதும். பூத்து ஓய்ந்ததும் இதைக் காப்பாற்றப் போராட வேண்டாம். இதை ஒரு பருவச் செடியாகவே வளர்க்கிறோம்.

ஒப்கோனிகா என்ற இனத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டும். அதன் இலையிலும் காம்பிலும் உள்ள மெல்லிய ரோமங்களில் பிரிமின் என்ற பொருள் இருக்கிறது. அது சிலருக்குத் தோலில் கடும் அரிப்பையும் கொப்புளத்தையும் உண்டாக்கும். முதலில் ஒன்றும் செய்யாமல், தொட்டுத் தொட்டுப் பழகிய பிறகு ஒவ்வாமை வருவதும் உண்டு. விற்பவர்கள் இதைச் சொல்லாமல் விடுவது எனக்குக் கோபம் தருகிறது. பிரிமின் இல்லாத ரகங்கள் விதையாகக் கிடைக்கின்றன. அவற்றையே கேட்டு வாங்குங்கள். ரகம் தெரியாத செடியைக் கையுறை இல்லாமல் தொடாதீர்கள்.

நீலகிரியில் கேரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் மண்ணின் புளிப்பைத் தணிக்க டோலமைட் என்ற சுண்ணாம்புப் பொடி போடுவது வழக்கம். அதே பழக்கத்தில் பூந்தொட்டிக்கும் ஒரு கை அள்ளிப் போட்டால் ஒப்கோனிகாவும் மலக்காய்டிஸும் இரும்புச்சத்தை எடுக்க முடியாமல் திணறும். இளம் இலையில் நரம்பு பச்சையாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். உரக்குறை என்று நினைத்து மேலும் தழைச்சத்து கொடுத்தால் இலை பெருகும், பூ குறையும்.

அடுக்கடுக்காகப் பூக்கும் சீன வகைகளான புல்லியானாவையும் பீசியானாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எளிதில் கலந்துவிடும். அந்த விதையில் வரும் நாற்றுக்குத் தாய்ச்செடியின் பெயரை எழுதிக் காட்சிக்கு வைக்காதீர்கள். கலப்பினம் என்றே எழுதுங்கள். அதில் குறைவொன்றும் இல்லை. இமயமலையின் ஃப்ளோரிபண்டாவும் ஏமன் பகுதியின் வெர்டிசில்லேட்டாவும் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் லண்டனின் கியூ தாவரவியல் தோட்டத்தில் தற்செயலாகக் கலந்து பிறந்ததுதான் மஞ்சள் பூக்கும் கியூவென்சிஸ். முதலில் அது மலடாக இருந்தது. பின்னர் ஒரு கிளையில் குரோமோசோம் எண்ணிக்கை 18இலிருந்து 36ஆக இரட்டித்தது. அதன் பிறகே விதை கட்டியது. பரம்பரையியல் பாடங்களில் இன்றும் இடம்பெறும் செடி அது.

கியூவென்சிஸின் தண்டிலும் இலையிலும் படிந்திருக்கும் வெண்பொடிதான் அதன் அழகு. ஒருமுறை விரல் பட்டால் அந்தத் தடம் அப்படியே நிற்கும். மேலிருந்து தண்ணீர் ஊற்றினால் பொடி வழிந்து திட்டுத் திட்டாகிவிடும். மலக்காய்டிஸின் காம்பிலும் இந்தப் பொடியைப் பார்க்கலாம். தொட்டியின் விளிம்பைப் பிடித்தே தூக்குங்கள். கோத்தகிரியிலிருந்தோ குன்னூரிலிருந்தோ மலைப்பாதை வளைவுகளில் தொட்டிகளைக் கண்காட்சிக்கு ஏற்றி வரும்போது மெல்லிய பூக்காம்புகள் ஒன்றோடொன்று உரசி ஒடியும். தொட்டிகளுக்கு இடையே சுருட்டிய காகிதத்தைச் செருகுங்கள். முந்தின நாள் மாலையே தண்ணீர் காட்டி, வாடிய பூக்களைக் காம்போடு நறுக்கிவிட வேண்டும். காட்சிக்கூடம் நண்பகலில் சூடேறும் என்பதால், கேட்டு வாங்கியாவது கதவோரமாக இடம் பிடியுங்கள்.