இளம் கோல்ஃப் சாம்பியனை எடைபோடும்போது நாம் சறுக்கும் இடங்கள்

2014 ஆகஸ்டில் ரோரி மெக்கில்ராய் வல்ஹாலா மைதானத்தில் பிஜிஏ சாம்பியன்ஷிப்பை வென்றபோது அவருக்கு வயது 25. அது அவருடைய நான்காவது மேஜர் பட்டம் (மாஸ்டர்ஸ், பிஜிஏ சாம்பியன்ஷிப், யுஎஸ் ஓபன், பிரிட்டனின் ஓபன் என்ற நான்கு பெரிய போட்டிகளைத்தான் மேஜர் என்பார்கள்). ஜாக் நிக்லஸும் தன் நான்காவது மேஜரை எடுத்தது 25 வயதில்தான். விடுவார்களா ரசிகர்கள்? முப்பது வயதுக்குள் இத்தனை, நாற்பதுக்குள் இத்தனை, நிக்லஸின் சாதனையான 18 மேஜர்களைத் தொட்டுவிடுவார் என்று ஆளாளுக்குக் கணக்குப் போட்டார்கள். நானும் போட்டேன். ஐந்தாவது பட்டம் 2025 ஏப்ரலில்தான் வந்தது. நடுவில் கிட்டத்தட்ட பதினோரு வருடம்.

இந்த வயதுக் கணக்குதான் நாம் செய்யும் முதல் தவறு. வருடத்துக்கு மேஜர் போட்டிகள் நான்கே நான்கு. பெரும்பாலானவற்றில் 150 பேருக்கு மேல் ஆடுகிறார்கள். டென்னிஸில் எதிரே நிற்பவரை மட்டும் சமாளித்தால் போதும். கோல்ஃபில் நீங்கள் அருமையாக ஆடியும், அந்த 150 பேரில் யாரோ ஒருவருக்கு அது வாழ்நாளின் சிறந்த வாரமாக அமைந்துவிட்டால், கோப்பை அவருக்குப் போய்விடும். ஆகவே 22 வயதில் ஒன்று, 25-இல் நான்கு என்ற எண்ணை ஏணி மாதிரி மேலே நீட்டிக்கொண்டே போக முடியாது.

எத்தனை ஸ்ட்ரோக் (பந்தை அடித்த தடவை; குறைவாக அடித்தவரே வெல்வார்) வித்தியாசத்தில் வென்றார் என்பதைப் பார்த்து மயங்குவதும் இதே ரகம்தான். 2011 யுஎஸ் ஓபனில் மெக்கில்ராய் எட்டு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். அதற்கு இரண்டே மாதம் முன்பு, மாஸ்டர்ஸ் போட்டியின் கடைசி நாளை நான்கு ஸ்ட்ரோக் முன்னிலையோடு தொடங்கி 80 அடித்து நொறுங்கிப் போனவரும் அவரேதான். ஏப்ரலில் பார்த்தவர்கள் இவருக்கு மனத்திடம் இல்லை என்றார்கள். ஜூனில் பார்த்தவர்கள் அடுத்த டைகர் உட்ஸ் இவர்தான் என்றார்கள். இரண்டு தீர்ப்புமே ஒற்றை வாரத்தை வைத்துச் சொன்னவை.

சரி, வேறு எதைப் பார்ப்பது? அதற்கு அமெரிக்க வீரர் ஜோர்டன் ஸ்பீத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். 2015-இல் 21 வயதில் மாஸ்டர்ஸை 270 என்ற மொத்த ஸ்கோரோடு வென்றார். 1997-இல், அதே 21 வயதில், உட்ஸ் வைத்த சாதனைக்குச் சமமான ஸ்கோர் அது. ஜூனில் யுஎஸ் ஓபனும் அவருக்கே. அந்த வருடம் அவர் பட்டிங் (குழியைச் சுற்றியுள்ள கிரீன் என்ற வழவழப்பான புல்தரையில் பந்தை உருட்டிக் குழிக்குள் தள்ளுவது) செய்ததைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இருபது, இருபத்தைந்து அடி தூரத்திலிருந்து பந்து குழியைத் தேடிப் போய் விழும். மற்றவர்கள் இரண்டு தட்டில் முடித்தால் போதும் என்று நினைக்கிற இடத்தில் இவர் ஒரே தட்டில் முடிப்பார்.

டிவியில் நன்றாகத் தெரிவதும் அதுதான். பந்து உருள்கிறது, கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொள்கிறது, குழிக்குள் விழுந்ததும் ஆரவாரம். ஆனால் கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் மார்க் பிராடி, அமெரிக்காவின் முக்கிய ஆண்கள் தொடரான பிஜிஏ டூரில் ஒவ்வொரு ஷாட்டையும் அளந்து வைத்த தரவுகளை எடுத்துக் கணக்கிட்டபோது கிடைத்த படம் வேறு. முதல் நாற்பது வீரர்கள் மற்றவர்களைவிட மிச்சப்படுத்தும் ஸ்ட்ரோக்குகளில் பட்டிங்கின் பங்கு சுமார் 15 சதவீதம்தான். கிரீனை நோக்கி அடிக்கும் அப்ரோச் ஷாட்டுகளின் பங்கு சுமார் 40, ஒரு குழியைத் தொடங்கும் நீளமான முதல் அடியான டிரைவின் பங்கு 28. உச்சத்தில் இருந்த உட்ஸையும் மற்றவர்களிடமிருந்து பெரிய அளவில் பிரித்துக் காட்டியது அப்ரோச் ஷாட்தான். நீளமான பட் விழுவது ஒரு வாரம் கைகொடுக்கும், ஒரு சீசன்கூடக் கைகொடுக்கும். பதினைந்து வருடம் அதை நம்பி ஓட்டுவது ரொம்பக் கடினம்.

இளம் சாம்பியன் ஒருவர் வந்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்: பட் விழாத நாளில் இவர் எங்கே முடிக்கிறார்? 2022-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓபன் போட்டியின் கடைசி நாளில் மெக்கில்ராய் 18 கிரீன்களையும் கணக்குப்படி, அதாவது இரண்டு பட்டுக்கு இடம் வைத்து, எட்டினார். எட்டிய ஒவ்வொரு கிரீனிலும் இரண்டு பட். மொத்தம் 36. ஒரு நீளமான பட்கூட விழவில்லை. ஸ்கோர் 70, கிடைத்தது மூன்றாம் இடம். தோற்றுவிட்டார் என்று எல்லோரும் வருந்திய அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான், இவருக்கு இன்னும் மேஜர் மிச்சம் இருக்கிறது என்ற நம்பிக்கை எனக்கு உறுதியானது.

ஸ்பீத்தின் கதையில் இன்னொரு பாடமும் உண்டு. 2016 மாஸ்டர்ஸ், கடைசி நாள். நம்மூரில் அப்போது திங்கள் பின்னிரவு. ஒன்பது குழிகள் முடிந்தபோது அவர் ஐந்து ஸ்ட்ரோக் முன்னால் இருந்தார். பத்திலும் பதினொன்றிலும் போகி, அதாவது குழிக்கு நிர்ணயித்த 'பார்' எண்ணைவிட ஓர் அடி அதிகம். பன்னிரண்டாவது குழி 155 கஜம்தான், பார் 3. முதல் பந்து கரையில் பட்டு உருண்டு ஓடையில் விழுந்தது. அபராதத்தோடு மறுபடி அடித்தார். மட்டை பந்துக்குப் பின்னால் மண்ணில் பதிந்தது, அந்தப் பந்தும் தண்ணீருக்குள். அடுத்தது பின்பக்க மணற்குழியான பங்கரில். மூன்றில் முடிய வேண்டிய குழி ஏழில் முடிந்தது. பட்டம் டேனி வில்லட்டுக்குப் போனது.

விழுந்து எழுந்தால்தான் மேதை என்பார்கள். ஸ்பீத் எழுந்தார். 2017 ஓபனில், பர்க்டேலில், பதின்மூன்றாவது குழியில் டிரைவ் மணல்மேடுகளுக்குள் போய், பயிற்சித் திடலிலிருந்து அடுத்த ஷாட்டை ஆடவேண்டிய நிலை. போகியோடு தப்பினார். அடுத்த நான்கு குழிகள்: பர்டி (பாரைவிட ஓர் அடி குறைவு), ஈகிள் (இரண்டு குறைவு), பர்டி, பர்டி. மூன்று ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் பட்டம். வயது 24 நிறைய இன்னும் சில நாட்கள் இருந்தன. இனி இவரை யாரும் அசைக்க முடியாது என்றுதான் எழுதினார்கள். அதன் பிறகு 2021 ஏப்ரல் வரை பிஜிஏ டூரில் ஒரு வெற்றிகூட வரவில்லை. நான்காவது மேஜர் இன்னும் வரவில்லை. ஒரு முறை மீண்டு வந்ததைப் பார்த்து முடிவு கட்டுவதும் தவறுதான். எனக்கு மிகவும் பிடித்த ஆட்டக்காரர் என்பதால் இதை எழுத மனம் கனக்கிறது.

கோப்பைகளை மட்டும் எண்ணுகிறவர்களின் கண்ணில் படாத இரண்டு எண்களைச் சொல்கிறேன். நிக்லஸ் மேஜர்களில் 18 முறை முதலிடம், 19 முறை இரண்டாமிடம், 9 முறை மூன்றாமிடம். கையில் பட்டம் இல்லாத வருடங்களிலும் அவர் பெயர் பட்டியலின் உச்சியில்தான் இருந்தது. இரண்டாவது எண் உட்ஸுடையது. 1998-லிருந்து 2005 வரை தொடர்ந்து 142 போட்டிகளில் அவர் 'கட்' தாண்டினார். இரண்டு சுற்றுகள் முடிந்ததும் ஏறக்குறையப் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே, அதுதான் கட். தோள் வலி, தூக்கமில்லாத வாரம், மழை, மனம் ஒட்டாத மைதானம் என்று எல்லாருக்கும் வருகிற நாட்கள் அந்த ஏழு வருடத்தில் அவருக்கும் வந்திருக்கும். அந்த வாரங்களிலும் வெள்ளிக்கிழமையோடு மூட்டை கட்டவில்லை. 15 ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் அவர் வென்ற 2000 யுஎஸ் ஓபனைவிட எனக்கு இது பெரிதாகப் படுகிறது.

உடம்பையும் கணக்கில் வைக்க வேண்டும். ஸ்பெயினின் செவெ பாலெஸ்டெரோஸ் 22 வயதில் ஓபன், 23 வயதில் மாஸ்டர்ஸ் என்று புயலாக வந்தவர். முதுகு வலி அவரை விடவே இல்லை. கடைசி மேஜர் 31 வயதில். இதை எந்தப் புள்ளிவிவரமும் முன்கூட்டிச் சொல்லாது.

அப்புறம், பெண்கள் கோல்ஃபைப் பார்க்காமல் இந்தப் பேச்சைப் பேசுவதும் தவறுதான். இரண்டு பக்கமும் எவ்வளவு தவறாகக் கணிக்க முடியும் என்பது அங்கேதான் தெளிவாகத் தெரியும். தைவானின் யானி செங் 22 வயதில் ஐந்து மேஜர்களை வென்றார். ஆண், பெண் யாருமே அந்த வயதில் ஐந்தை எட்டியதில்லை. தொடர்ந்து 109 வாரம் உலகின் முதலிடம். 2012-க்குப் பிறகு பெண்களுக்கான எல்பிஜிஏ டூரில் அவருக்கு ஒரு வெற்றியும் இல்லை.

நியூசிலாந்தின் லிடியா கோ இதற்கு நேர் எதிர். 17 வயதில் உலக முதலிடம், 19 வயதுக்குள் இரண்டு மேஜர். பிறகு பயிற்சியாளர், கேடி (மட்டைகளைச் சுமந்து வரும் உதவியாளர்), மட்டைகள் எல்லாவற்றையும் மாற்றினார், ஆட்டம் இறங்கியது. 2018-க்கும் 2021-க்கும் நடுவில் மூன்று வருடம் எல்பிஜிஏவில் ஒன்றும் ஜெயிக்கவில்லை. சிறு வயதிலேயே எரிந்து முடிந்துவிட்டார் என்று பேசினார்கள். 2024 ஆகஸ்டில் பாரிஸ் ஒலிம்பிக்கில் தங்கம் வாங்கினார், அதோடு எல்பிஜிஏ ஹால் ஆஃப் ஃபேமுக்கும் தகுதி பெற்றார். இரண்டு வாரம் கழித்துச் செயின்ட் ஆண்ட்ரூஸில் மகளிர் ஓபனை வென்றார். இரண்டாவது மேஜருக்கும் மூன்றாவதற்கும் இடையே எட்டு வருடம். அப்போதும் அவருக்கு வயது 27தான்.