ஊறுகாய் ஜாடி: தட்டிப் பார்ப்பது முதல் வேடு கட்டுவது வரை

ஊறுகாயில் பூஞ்சை பூத்தால் மாங்காயைக் குறை சொல்வோம், உப்பைக் குறை சொல்வோம். ஜாடிமேல் யாருக்கும் சந்தேகம் வராது. பல சமயம் கோளாறு அங்கேதான்.

மேலே பழுப்பு, கீழே சந்தன வெள்ளை என்று விற்கும் பீங்கான் ஜாடிகள் ஸ்டோன்வேர் வகை. சுமார் 1200 டிகிரி செல்சியஸில் வேகும்போது மண் இறுகி, தண்ணீர் குடிக்காத உடம்பாகிவிடுகிறது. மண்பானைக்கு அவ்வளவு சூடு கிடையாது; நுண்துளை வழியே நீர் கசிந்து ஆவியாவதால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. அதே கசிவு ஊறுகாய்க்கு ஆகாது. விருத்தாசலம், உத்தரப் பிரதேசத்துக் குர்ஜா இரண்டுமே பீங்கானுக்குப் பேர்போன ஊர்கள். ஆனால் ஊர்ப் பெயரைக் கேட்டு வாங்காதீர்கள், தட்டிப் பார்த்து வாங்குங்கள்.

விரல் முட்டியால் தட்டினால் 'ணங்' என்று ஓசை நீள வேண்டும். 'டொக்' என்றால் எங்கோ விரிசல். வீட்டுக்கு வந்ததும் தண்ணீர் நிரப்பிப் பழைய செய்தித்தாள்மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாளில் ஈர வட்டம் இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடலாம். அடுத்தது உள்பக்கம். மஞ்சள் தூளைக் குழைத்துத் தடவி, பத்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். மஞ்சள் கோடு கோடாக வலைபோல நின்றால் மெருகில், அதாவது பளபளக்கும் மேற்பூச்சில், மயிரிழை வெடிப்பு இருக்கிறது. அதில் எண்ணெய் இறங்கினால் எத்தனை முறை கழுவினாலும் சிக்கு வாடை போகாது. புது ஊறுகாயிலும் ஏறும்.

உள்ளே பளிச்சென்ற சிவப்பு, ஆரஞ்சு வண்ணம் பூசிய அலங்கார ஜாடியில் புளிப்பு எதையும் போட வேண்டாம். சரியாக வேகாத மெருகை அமிலம் அரிக்கும். அதில் ஈயம் இருந்தால் அதுவும் ஊறுகாயில் இறங்கும். சந்தேகமிருந்தால் எலுமிச்சைத் துண்டு ஒன்றை ஓர் இரவு மெருகின்மேல் ஒட்டி வையுங்கள். அந்த இடம் மங்கினால் அது பூச்சாடிதான். மங்கவில்லை என்பதற்காக ஈயமே இல்லை என்றும் ஆகிவிடாது.

கழுவியபின் இரண்டு நாள் நல்ல வெயில் வேண்டும். தரையோடு ஒட்டக் கவிழ்த்தால் ஆவி உள்ளேயே சுற்றும். இரண்டு குச்சிகளின்மேல் கவிழுங்கள். காய்ந்ததா என்று பார்க்க, வெயிலில் உலர்ந்த கல் உப்பு ஒரு கைப்பிடி போட்டு இரவு மூடி வையுங்கள். காலையில் சாய்த்தால் பொலபொலவென்று உதிர வேண்டும். அடியில் ஒட்டிக்கொண்டால் இன்னொரு நாள் வெயில்.

ஒரு கிலோ மாங்காய்த் துண்டுக்கு இரண்டு லிட்டர் ஜாடி, 200 கிராம் கல் உப்பு. கழுத்துக்குக் கீழே நாலு விரல் இடம் விடுங்கள். குலுக்க இடம் வேண்டும். அடியில் உப்பு, மேலேயும் உப்பு. தினம் ஒருமுறை குலுக்கினால் மூன்று நாளில் துண்டுகள் நீர் விட்டுச் சுருங்கத் தொடங்கும். துண்டுகளுக்கு மேலே ஒரு விரல் உயரம் எண்ணெய் நிற்கட்டும். வெளியே தலை நீட்டும் துண்டில்தான் முதலில் பூஞ்சை பிடிக்கும். எண்ணெயை நன்றாக ஆறவிட்டு ஊற்றுங்கள்; சுடச்சுட ஊற்றினால் பீங்கானும் விரிசல் விடும், சாதாரணக் கண்ணாடி இன்னும் சீக்கிரம் விரிசல் விடும். போரோசிலிகேட் கண்ணாடி சூட்டில் விரிவது சாதாரணக் கண்ணாடி விரிவதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்பதால் கொஞ்சம் தாங்கும்.

வாயில் வெள்ளை மல் துணியை இழுத்து வேடு கட்டி, அதன்மேல் பீங்கான் மூடி. தகர மூடி வேண்டாம், உப்பு ஈரத்தில் துருப்பிடித்து உள்ளே உதிரும்.

சாப்பாட்டு மேசைக்குக் கண்ணாடி பாட்டில் நல்லதுதான், ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் உலர்ந்த மர அகப்பையால் மாற்றினால் போதும். வருஷம் முழுக்க அதிலேயே வைத்தால் வெளிச்சம் பட்டு மிளகாயின் சிவப்பு வெளுக்கும்.

ஜாடியின் வெளிப்புறத்தில் வெள்ளையாக உப்புப் பூத்தால் உள்ளிருந்து கசிகிறது என்று பொருள். துடைத்துவிட்டு மறுபடி ஊறுகாய் போடாதீர்கள். நன்றாக ஊறவைத்துக் கழுவிக் காயவைத்து, துவரம்பருப்பு கொட்டி வையுங்கள்.