தலையில் நீர் கோத்தால்: நாட்களை எண்ணுங்கள், மூக்கைக் கழுவுங்கள்

மெடிக்கல் ஷாப்பில் போய் "சைனஸ், தலை பாரமா இருக்கு" என்று சொன்னால், பல இடங்களில் மூன்று நாளைக்கு ஆன்டிபயாடிக்கைக் கத்தரித்துக் கொடுத்துவிடுவார்கள். பெரும்பாலும் அது தேவையில்லை. சளி பிடிக்க வைத்த அதே வைரஸ்தான் சைனஸையும் வீங்க வைத்திருக்கும். ஆன்டிபயாடிக் வைரஸை ஒன்றும் செய்யாது.

படி 1: சைனஸ்தானா?

நெற்றி, கன்னம், மூக்கின் இருபக்கம், அதற்கும் பின்னால் ஆழத்தில் என்று 4 ஜோடி காற்றறைகள் இருக்கின்றன. இவைதான் சைனஸ். கன்னத்து அறைக்கு வாசல் அடியில் இல்லை, மேலே இருக்கிறது, மொட்டைமாடித் தொட்டியின் ஓவர்ஃப்ளோ குழாய் மாதிரி. அதனால் சளி தானாக வடியாது. உள்ளே இருக்கும் நுண்ணிய மயிரிழைகள்தான் அதை மேலே தள்ளி வெளியேற்ற வேண்டும். சளி பிடித்து வாசல் வீங்கினால் எல்லாம் உள்ளேயே தேங்கிவிடும்.

மூக்கடைப்பு, கெட்டிச் சளி, முகத்தில் பாரம், செருப்பு வார் மாட்டக் குனிந்தால் கூடும் வலி, ரசம் தாளிக்கிற வாசனைகூடத் தெரியாமை: இவை சேர்ந்து வந்தால் சைனஸ். மூக்கில் ஒரு தொல்லையும் இல்லாமல் தலை இடித்து, வெளிச்சம் கூசி, குமட்டினால் அது அநேகமாக மைக்ரேன். அடுக்குத் தும்மல், அரிப்பு, தண்ணீராக ஒழுகல் என்றால் அலர்ஜி. போகிப் புகையிலும் பலருக்கு இதே மாதிரித் தொல்லை வரும். ஒரு பக்கம் மட்டும் நாற்றத்தோடு சளி வந்தால் மேல் கடைவாய்ப் பல்லையும் காட்டுங்கள். அதன் வேர் கன்னத்து சைனஸுக்கு நேர் கீழே இருக்கிறது.

படி 2: காலண்டரில் குறியுங்கள்

சளி மஞ்சளாக, பச்சையாக இருப்பதை வைத்து பாக்டீரியா என்று முடிவு கட்டாதீர்கள். வைரஸ் சளியும் மூன்றாம் நாளில் நிறம் மாறும். டாக்டரிடம் போக வேண்டியது எப்போது? 10 நாள் ஆகியும் கொஞ்சமும் குறையாவிட்டால். 5, 6 நாளில் குறைந்து வந்தது மறுபடி கடுமையானால். தொடக்கத்திலேயே 102 டிகிரி காய்ச்சலும் சீழ் போன்ற சளியும் முகவலியும் 3, 4 நாள் விடாமல் இருந்தால். அவர் ஆன்டிபயாடிக் எழுதினால் சொன்ன நாள் வரை சாப்பிடுங்கள்.

படி 3: மூக்கு கழுவுதல்

இதை உருப்படியாகச் செய்தாலே பாதிப் பாரம் இறங்கும். முதலில் தண்ணீர். மெட்ரோ வாட்டர், போர் தண்ணீர், கேன் தண்ணீர் எதுவாக இருந்தாலும் தளதளவென்று 1 நிமிடம் கொதிக்கவிட்டு, மூடி ஆறவையுங்கள். (ஊட்டி உயரத்தில் என்றால் 3 நிமிடம்.) குடிக்கிற தண்ணீர்தானே என்று நினைக்க வேண்டாம். மூளையைத் தின்னும் அமீபா என்கிறார்களே, அது வயிற்றுக்குப் போனால் ஒன்றும் ஆகாது, மூக்கு வழியாகப் போனால்தான் ஆபத்து. 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய 2 பேர் இப்படி இறந்தார்கள்.

1 லிட்டருக்கு 9 கிராம் அயோடின் சேர்க்காத உப்பு, 2 சிட்டிகை ஆப்ப சோடா. தராசு இல்லையென்றால் கால் லிட்டருக்குப் பொடி உப்பு அரை டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவாக. கல் உப்பை ஸ்பூனில் அளக்காதீர்கள், இடைவெளி விழுந்து அளவு தப்பும். மெடிக்கலில் கிடைக்கும் ரெடிமேட் பாக்கெட் இன்னும் சுலபம். கரைசலை 24 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம்.

வாஷ்பேசின் மேல் குனிந்து, தலையை ஒரு பக்கம் சாயுங்கள். வாயைத் திறந்து, வாயாலேயே மூச்சு விடுங்கள். கரைசலை நிரப்பிய மூக்கு கழுவும் பாட்டிலின் முனையை மேலே இருக்கும் நாசியில் பொருத்தி மெல்ல அழுத்துங்கள். வெதுவெதுப்பான தண்ணீர் மறு நாசி வழியாக வரும். பாதி முடிந்ததும் பக்கம் மாற்றுங்கள்.

சுரீரென்று எரிந்தால் உப்பு அளவு தப்பியிருக்கும், அல்லது தண்ணீர் ஜில்லென்று இருக்கும். காது அடைத்தால் அழுத்தம் அதிகம். முடிந்ததும் இரண்டு நாசியையும் பொத்திக்கொண்டு சிந்தாதீர்கள், சளி காதுக்குள் ஏறும். படுக்கப் போகுமுன் 1 மணி நேர இடைவெளி விடுங்கள், இல்லாவிட்டால் மிச்சத் தண்ணீர் தலையணையில் கொட்டும். மூக்கு முழுக்க அடைத்திருந்தாலோ, காதில் சீழ் இருந்தாலோ, சமீபத்தில் ஆபரேஷன் ஆகியிருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். பாட்டிலைத் தினமும் கழுவிக் காயவையுங்கள்.

படி 4: சொட்டு, ஸ்பிரே, ஆவி

சைலோமெட்டாசோலின், ஆக்ஸிமெட்டாசோலின் சொட்டுகள் நிமிடத்தில் மூக்கைத் திறக்கும். 5 நாளைத் தாண்டினால் அந்தச் சொட்டே மூக்கை அடைக்கும், பிறகு அது இல்லாமல் தூக்கம் வராது. பி.பி. உள்ளவர்கள் கேட்டுத்தான் போட வேண்டும். டாக்டர் ஸ்டீராய்டு ஸ்பிரே கொடுத்தால், கழுவிய பிறகு வலது நாசிக்கு இடது கையால், முனையைக் காதுப் பக்கம் சாய்த்து அடியுங்கள். மூக்கின் நடுச்சுவரை நோக்கி அடித்தால் ரத்தம் கசியும். பலன் தெரியச் சில நாள் ஆகும்.

நொச்சி ஆவி இதமாக இருக்கும், கிருமியைக் கொல்லாது. கொதிக்கும் சட்டியை மடியில் வைத்துப் போர்வைக்குள் உட்காராதீர்கள். குழந்தைகளுக்கு ஆவியே வேண்டாம், வெந்துபோகும்.

படி 5: காத்திருக்கக் கூடாதவை

கண்ணைச் சுற்றி வீக்கம், பார்வை இரண்டாகத் தெரிதல், நெற்றி வீக்கம், தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, குழப்பமான பேச்சு: இரவானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கு முகம் மரத்து, மூக்கிலோ அண்ணத்திலோ கறுப்புப் பொருக்கு தெரிந்தால் அதுவும் அவசரம். 2021-ல் கொரோனாவுக்குப் பின் கறுப்புப் பூஞ்சை என்று பயந்தோமே, அதன் அடையாளம் இது. மணிக்கணக்கில் பரவும். போனதும் முதலில் சர்க்கரை அளவையும், ஸ்டீராய்டு எடுத்திருந்தால் அதையும் சொல்லுங்கள்.